சாப்பாட்டு மேசைக்குக் கீழே

அன்று அக்காவின் கணவரான அத்தானின் பிறந்தநாள். ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் அவர்களின் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. மேசையைச் சுற்றி ஆட்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஆளுக்கொரு கதை, எல்லாம் ஒரே நேரத்தில். அக்கா குசினியிலிருந்து சட்டியோடு வந்து, "சோறு போடட்டே? ஏன் கொறிச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்க, அத்தான் யாரோ வீடு வாங்கிய கதையை அதற்கு மேலால் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மகள் ஆரதியின் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது.

குனிந்து மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நாலரை வயதுப் பிள்ளை முழங்கால்களை மடித்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, எல்லோருடைய கால்களுக்கும் நடுவில் இருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். அழவில்லை. மழை விடட்டும் என்று கடைவாசலில் ஒதுங்கி நிற்பவர்களின் முகம் மாதிரி இருந்தது அவள் முகம்.

"எங்கையடி என்ர குஞ்சு?" என்று மேலேயிருந்து அக்கா கேட்டார். அக்காவின் அன்புக்கு மெல்லிய குரல் தெரியாது. "எலும்பு பாத்து எடுத்து வைச்சிருக்கிறன். வரச் சொல்லு."

ஆரதி இன்னும் சுருண்டாள்.

நானும் ஆரதியும் சீனாவிலிருந்து திரும்பி அக்காவோடு தங்கத் தொடங்கி அப்போது இரண்டு மாதம் இருக்கும். வந்த புதிதில் எனக்கு விளங்காத பாஷையில் ஏதோ முணுமுணுப்பாள். பிறகு அதுவும் நின்றது. வீட்டில் பேச்சில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சில்லை. என்னோடு ஒரே கட்டிலில் கிடக்கும்போதும் இல்லை. வேண்டியதை விரலால் காட்டுவாள், தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் நாங்கள் இருந்த ஹாங்சோ நகரத்து மழையைப் பற்றியும் மீன்சந்தையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். "பிள்ளையைப் பற்றி மட்டும் ஏன் எழுதுறியள் இல்லை?" என்று ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார். கை வரவில்லை என்பதுதான் உண்மை. இந்த வாரம் எழுதிப் பார்க்கிறேன்.

விற்ற சரக்கு

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சுருக்கம். நானும் என் கணவர் ரமணனும் ரொறன்ரோவில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, நிரந்தர வேலைக்குக் காத்திருந்து களைத்தவர்கள். எந்த ஆசிரியராவது லீவு என்று காலையில் போன் அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் வீடு. அந்த நேரத்தில்தான் சீனாவில் ஒரு சர்வதேசப் பள்ளியில் இருவருக்கும் சேர்த்து வேலை கிடைத்தது. அவருக்குக் கணிதம், எனக்கு ஆங்கிலம். ஆரதி அப்போது தவழத் தொடங்கியிருந்தாள்.

நேர்முகம் கணினித் திரையில் நடந்தது. "உங்கள் தாய்மொழி எது?" என்று கேட்டார்கள். நான் கண் வெட்டாமல் "ஆங்கிலம்" என்றேன். அடுத்த நாள் ரமணனும் அதையே சொன்னார். பச்சைப் பொய். எட்டு வயதுவரை எனக்கு யாழ்ப்பாணத்துத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் அங்கே எங்களிடமிருந்து வாங்க நினைத்த சரக்கு அது ஒன்றுதான்.

முதல் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் மிகவும் மரியாதையாக, "நீங்கள் உண்மையாகவே கனடாவா?" என்று கேட்டார். அவர் எதிர்பார்த்த கனடாவுக்குத் தலைமயிர் வேறு நிறம். நான் சிரித்தேன். வேறென்ன செய்வது? கடவுச்சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக முடியாது.

அன்றிரவே ரமணன் சொல்லிவிட்டார், வீட்டிலும் ஆங்கிலம்தான் என்று. வாயில் தமிழ் ஊறிக்கொண்டிருந்தால் வகுப்பில் நாக்கு வழுக்கிவிடும் என்று அவருக்குப் பயம். பிள்ளைக்கும் அதுதான் நல்லது என்றார். நானும் ஓம் என்றேன். அப்படித்தான் பதினோராம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் பால் வேண்டும் என்பதும், மின்கட்டணம் கட்டியாயிற்றா என்பதும், குட்நைட்டும் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

ஒன்றே ஒன்றைத் தவிர. சண்டை.

அது எப்படித் தொடங்கியது என்று சரியாக நினைவில்லை. பக்கத்து வீட்டில் எங்கள் பள்ளியில் படிப்பிக்கும் ஒரு அமெரிக்கக் குடும்பம் இருந்தது. சுவரோ மெல்லியது. அவர்கள் இருமினால் எங்களுக்குக் கேட்கும். ஆங்கிலத்தில் சண்டை பிடித்தால் காலையில் பள்ளி ஓய்வறையில் அதற்கு விமர்சனம் வந்துவிடும். அதைவிட, பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு விளங்கக்கூடாது. ஆகவே குரல் ஏறும்போதெல்லாம் நாங்கள் இருவரும் சொல்லிவைத்தாற்போல் தமிழுக்கு மாறிக்கொண்டோம். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று ஒருநாள் நாங்களே பேசிச் சிரித்தும் இருக்கிறோம்.

சண்டைக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். திரும்பிப் போவதா, இருப்பதா? பிள்ளை சொந்தபந்தம் தெரியாமல் வளர்கிறாள் என்பேன் நான். அங்கே போய் மறுபடியும் காலையில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்கிறாயா என்பார் அவர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுகிற மனிதர், சண்டை முற்றினால் "நீ"க்கு இறங்கிவிடுவார். அதன் பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். எப்போது வருவார் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை.

லியு ஆயி

அங்கே வீட்டுவேலைக்கு வருகிற பெண்களை "ஆயி" என்று கூப்பிடுவார்கள். நாங்கள் அன்ரி என்கிற மாதிரி. எங்கள் வீட்டுக்கு வந்தவர் லியு ஆயி. ஐம்பது வயது இருக்கும். ஜியாங்சி மாகாணத்தில் ஏதோ மலைக்கிராமம். காலையில் நாங்கள் பள்ளிக்குப் புறப்படும்போது வந்து, செருப்பை மாற்றிக்கொண்டு, முதல் வேலையாகப் பிள்ளையைத் தூக்குவார். நாங்கள் இருட்டிய பிறகு வருவோம்.

ஹாங்சோவில் குளிர்காலத்துக்கு வீட்டுக்குள் சூடாக்கி கிடையாது. ஸ்ரௌவ்வில்லில் பனி கொட்டும்போது நாங்கள் வீட்டுக்குள் வெறும் சட்டையோடு திரிகிறோம். அங்கே பனியே இல்லாத நாளிலும் குசினியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். லியு ஆயி ஆரதிக்கு ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சட்டை போட்டு, கையைக் கீழே விட முடியாதபடி ஆக்கிவிடுவார். தோடம்பழத் தோலைப் பால்கனியில் காயவைத்து, அவித்து, தடிமன், சளிக்குக் கொடுப்பார். இலையுதிர் காலத்தில் கீழே முற்றத்தில் ஒரு மரம் சின்னச் சின்னதாக மஞ்சள் பூக்கும். பழுத்த பழம் மாதிரியான அந்தப் பூவின் வாசம் பதினோராம் மாடிவரை வரும். அந்த வாசம் வருகிற நாட்களில் பிள்ளையைக் கீழே கொண்டுபோய் அந்த மரத்தடியில் வைத்துச் சோறு தீத்துவார்.

ஆரதி முதலில் பேசியது அவருடைய பாஷையைத்தான். பிறகுதான் எங்களுடைய ஆங்கிலம். எங்களுக்கு அது பெருமையாகவும் இருந்தது. பிள்ளை சீனத்தின் பொதுமொழி மண்டரின் பேசுகிறாள் என்று ரொறன்ரோவுக்கு வீடியோ அனுப்புவோம். அக்கா அதை உலகமெல்லாம் அனுப்புவார். கடைசி வருடத்தில்தான் பள்ளிச் செயலாளர் ஒருநாள் ஆரதியோடு பேசிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மண்டரினும் இல்லையாம், ஹாங்சோப் பேச்சும் இல்லையாம். லியு ஆயியின் மலைக்கிராமத்தில் பேசுகிற பேச்சு. அடுத்த மாகாணத்துக்காரருக்குக்கூட விளங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தமிழ் தொடங்கினால் லியு ஆயி ஒன்றும் கேட்க மாட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் நினைத்துக்கொள்வேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். முடிவு என்றும் சொல்ல முடியாது. நானும் பிள்ளையும் கோடை விடுமுறையில் ரொறன்ரோவுக்கு வருவது. தன் இடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கும்வரை ரமணன் அங்கேயே இருப்பது. புறப்படுவதற்கு முதல்நாள் பெட்டி அடுக்கும்போது இருவரும் மறுபடி தமிழுக்கு மாறினோம். அன்று லியு ஆயி இல்லை. வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பிள்ளையைப் பால்கனிக்குக் கொண்டுபோக ஆளில்லை. மறுநாள் விமான நிலையத்தில் நானும் ஆரதியும் உள்ளே போனோம், அவள் அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

ஆளுக்கொரு வைத்தியம்

ரொறன்ரோவில் ஒரு பிள்ளை பேசாவிட்டால் மற்ற எல்லோரும் பேசுவார்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

"கண்ணூறு. மிளகாய் சுத்திப் போடு" என்றார் ஒருவர். "சீனாக்காரி ஏதோ குடுத்திருப்பாள்" என்றார் இன்னொருவர். அவர் சீனாவை வரைபடத்தில் பார்த்தவர்கூட இல்லை. மன்னாரிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அன்ரி தன் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். அவர் மட்டும் எனக்குப் புத்தி சொல்லவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்று. "அந்த ஆயியோட கதைக்க விடாதை. மறக்கட்டும். மறந்தால்தான் இஞ்ச ஒட்டும்." சீனத் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டபடியால் அங்கே எல்லோரும் பாவிக்கிற செயலியும் என்னை உள்ளே விடாமல் பூட்டி வைத்திருந்தது. லியு ஆயியைப் பிடிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தேடவும் இல்லை. எல்லோரும் சொல்வது சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பொறுமையானவர். இலையெல்லாம் கொட்டிய பிறகு என்னை அழைத்து மெதுவாகச் சொன்னார். கேட்கும் திறன் சரியாக இருக்கிறது, சொல்வது விளங்குகிறது, ஆனால் குரலே வரவில்லை. தை மாதத்தில் நிபுணர்களைக் கொண்டு முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்குள் மாற்றம் இல்லாவிட்டால் வேறு வகுப்பைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

நான் காருக்குள் வந்திருந்து அழுதேன். என் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது. பழைய வீடியோக்களைப் போட்டுக் கேட்டேன். அதில் அவள் பேசுவதும் எனக்கு விளங்கவில்லை.

ரமணன் ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பார். அக்காவின் வீட்டில் ஒரு போன் வந்தால் அது எல்லோருக்கும் வந்த போன். அத்தான் முதலில் பேசுவார், பிறகு அக்கா, பிறகு நான். "ஆரதி, அப்பா வந்திருக்கிறார் பார்" என்று திரையைத் திருப்பினால் அவள் படிக்கட்டால் ஓடி மேலே போய்விடுவாள். தகப்பனில் கோபம் என்று நினைத்தோம். அவர் முகம் விழுந்துபோகும். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்வதற்காக இந்தத் தொடரை எழுதவில்லை.

யூனியன்வில்லில் ஒரு பேஸ்மென்ற்

பக்கத்து ஊர் யூனியன்வில்லில் மிஸ் லின் என்ற பெண் தன் வீட்டு நிலக்கீழ்ப் பேஸ்மென்றில் பிள்ளைகளுக்குச் சீனம் சொல்லிக்கொடுக்கிறார். யாரோ சொல்லி, சனிக்கிழமை காலை ஆரதியைக் கூட்டிக்கொண்டு போனேன். தமிழும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம் என்கிறாள், தெரிந்த பாஷையையாவது கேட்கட்டும் என்று.

மிஸ் லின் அவளிடம் நல்ல மண்டரினில் ஏதோ கேட்டார். ஆரதி எங்களைப் பார்க்கிற மாதிரியே அவரையும் பார்த்தாள். நான் லியு ஆயியின் கதையைச் சொன்னேன்.

"அப்படியென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்" என்றார் மிஸ் லின். என் போனை வாங்கி, தன் போனையும் எடுத்து, என்னென்னவோ தட்டினார். பூட்டியிருந்த செயலி திறந்தது. லியு ஆயியிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள் இருந்தன. அவர் எங்களை மறக்கவில்லை.

அங்கே இரவாகியிருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். திரையில் அந்த முகம் வந்ததும் ஆரதி என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

அவள் பேசினாள்.

நிறுத்தாமல் பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். கைகளை ஆட்டிப் பேசினாள். நான் அங்கேயே கம்பளத்தில் இருந்துவிட்டேன். மிஸ் லின் என் காதருகில், "நானும் சீனாக்காரிதான். எனக்கே ஒரு சொல் விளங்கவில்லை" என்றார்.

லியு ஆயி முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிள்ளையிடம் எதையோ திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் என்னைக் கூப்பிடச் சொன்னார். என் சந்தைக்கடை மண்டரினுக்கு விளங்கும்படி மெதுவாகப் பேசினார். விளங்காத இடத்தில் மிஸ் லின் ஆங்கிலத்தில் சொன்னார்.

"டீச்சர், அங்கே என்ன சண்டை?"

"சண்டையா? இங்கே ஒரு சண்டையும் இல்லையே."

"காலையிலிருந்து படுக்கும்வரை எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள் என்கிறாள். நீங்களும் சாரும் சண்டை பிடிக்கிற அந்தப் பேச்சிலே. அங்கே நீங்கள் இரண்டு பேர்தான். இங்கே எல்லோருமாம். பெரியம்மா சோறு வைக்கும்போதும் சண்டையாம். போனில் அப்பா வந்தாலும் சண்டையாம்."

லியு ஆயி தொடர்ந்தார்.

"தான் வாய் திறந்தால் இன்னும் கூடிவிடும் என்று பேசாமல் இருக்கிறாளாம். சண்டை முடிந்தால் அப்பா வருவார்தானே என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?"

மிஸ் லின் இதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. எனக்கு முழுவதும் விளங்கியது.

அது சண்டையில்லை, எங்கள் ஊர்ப் பேச்சு அப்படித்தான் என்று சொல்லச் சொன்னேன். லியு ஆயி சொன்னார். ஆரதி திரும்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? தமிழ் கேட்டால் என்ன நடக்கும் என்று அவள் கண்ணால் கண்டவள். தமிழ் கேட்கும், குரல் ஏறும், அப்பா வெளியே போவார். கடைசித் தடவை தமிழ் கேட்டபோது அவர் எங்களோடு விமானத்திலும் ஏறவில்லை.

அக்காவின் குரல்

அக்காவிடம் சொன்னபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப அவளுக்கு நான் சண்டைக்காரியே?"

"அப்பிடி இல்லை அக்கா. அவளுக்குத் தெரியாது."

"சாப்பிடத்தானேடி கூப்பிட்டனான். என்ர வாயில அவளுக்கு ஒரு கெட்ட சொல் வந்திருக்கே?"

அக்கா அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நன்றாக அழுதார்.

அடுத்த சில நாட்கள் அந்த வீடு சாவீடு மாதிரி இருந்தது. அத்தானும் அக்காவும் குசுகுசுத்தார்கள். அது இன்னும் மோசம். பெரியவர்கள் குசுகுசுத்தால் எந்தப் பிள்ளைக்கும் பயம்தான். பிறகு அக்கா ஆங்கிலத்துக்கு மாறினார். தொழிற்சாலையில் இருபது வருடம் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய ஆங்கிலம் அது. "ஈற், பேபி, ஈற்" என்று அவர் சொன்னதில் ஆரதியின் கரண்டி கீழே விழுந்தது. அத்தான் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். பிறகு கதிரையில் இருந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

"எங்களை அடக்கி என்ன செய்யப்போறாய்? அவள் பயந்தது எங்களைப் பாத்தில்லை. அந்தாள் வரட்டும். நீங்கள் ரெண்டு பேரும் பிள்ளைக்கு முன்னால தமிழில ஒழுங்காக் கதையுங்கோ. அவள் பாக்கட்டும்."

அன்றிரவு காரை வீட்டுக்கு முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு, அதற்குள் இருந்து ரமணனை அழைத்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சரி. தமிழிலேயே பேசுவோம்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, "ஆனால் என்ன பேசுவது?" என்றார்.

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் சந்தித்து, பேருந்துத் தரிப்பிடத்தில் மணிக்கணக்காகத் தமிழில் பேசிக் கலியாணம் கட்டியவர்கள். பேருந்துகளைப் போகவிட்டுவிட்டுப் பேசியிருக்கிறோம். என்ன பேசினோம் என்று அன்றிரவு காருக்குள் இருந்து எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நானூற்று நாலாம் நெடுஞ்சாலை

டிசம்பரில், நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் ரமணன் வந்தார். விமான நிலையத்தில் ஆரதி ஓடிப்போய் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளுடைய தலைமயிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். அவள் பேசவில்லை. ஆனால் விடவும் இல்லை. கார் ஆசனத்தில் இருத்துவதற்கு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

நான் ஓட்டினேன். மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சத் தூரம் போன பிறகு தமிழில் கேட்டேன்.

"பிளைட்டில சாப்பாடு தந்தவங்களே?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஆரதியின் கைகள் காதுக்குப் போய்விட்டன.

ரமணனும் பார்த்துவிட்டார். வீதியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தந்தவங்கள். வாயில வைக்கேலாது."

"பசிக்குதே?"

"இல்லை. நீர் சாப்பிட்டீரே?"

"ஓம். ஹீட்டரைக் கூட்டட்டே?"

"காணும், சூடு போதும். ஸ்னோ ரயர் மாத்தியாச்சே?"

"அத்தான் மாத்தினவர்."

வெட்கமாக இருந்தது. பெண்பார்க்க வந்தவர்கள்கூட இதைவிட நன்றாகப் பேசுவார்கள். நானூற்று நாலாம் இலக்க நெடுஞ்சாலைக்குத் திரும்பி வடக்கே போனோம். வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் வரப் பிந்தினதுக்கு..." என்று அவர் தொடங்கினார்.

"அதை இப்ப ஏன்?" என்றேன். என் குரல் ஏறிவிட்டது. எனக்கே கேட்டது. கண்ணாடியில் அந்தச் சின்னக் கைகள் இன்னும் இறுகின.

மூச்சை விட்டேன். "சரி. ஆறுதலாச் சொல்லுங்கோ. கேக்கிறன்."

அவர், தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆள் கிடைக்கேல்லை எண்டது பொய். ஐப்பசியிலயே கிடைச்சிட்டுது. நான்தான் இழுத்தனான். எனக்குப் பயம். அங்கை நான் ஒரு வாத்தி. வாசல்ல நிக்கிறவனும் எழும்பி வணக்கம் சொல்லுவான். இஞ்ச வந்தால் காலமை எழும்பிப் போனைப் பாத்துக்கொண்டு இருக்கோணும். நீர் பாத்துக்கொண்டிருக்க."

வருடக்கணக்காக இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் கத்தியிருக்கிறோம். அவருக்குப் பயம் என்று எனக்கு ஒருநாளும் கேட்கவில்லை. பொய் சொன்னதற்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும்தான் என் வாயைப் பிடித்து வைத்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"சொல்லத் தொடங்கினால் சத்தமெல்லே வருது" என்றார்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. கரகரத்த குரல்.

"நீங்கள் சண்டை பிடிக்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் ஆரதி.

ரமணன் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று அவருக்கும் பயம். "இல்லை" என்றார், அவரும் ஆங்கிலத்தில்.

"அப்ப என்ன செய்யிறீங்கள்?"

"அப்பா சொல்லுறார்" என்றேன் நான். "அம்மா கேக்கிறன்."

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கை காதில் இருந்தது. மற்றக் கையை இறக்கியிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

ரமணன் என்னைப் பார்த்தார். "இன்னும் இல்லை" என்று அவளுக்குச் சொன்னார். பிறகு தமிழில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

ஸ்ரௌவ்வில் வீதிக்கு இறங்கும் பாதை வலப்பக்கமாக வந்தது. அக்கா சோறு வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். நான் திரும்பவில்லை. காரை நேரே விட்டேன்.